இரண்டு நாற்காலிகள்

பிச்சாட்டூர் பக்கத்து ஊரொன்றில் மாதாமாதம் ஒண்ணாந்தேதி காலையில் வீடு வீடாகப் போய் முதியோர் பென்ஷன் கொடுப்பது என் வேலை. அங்கே ஒரு பெரியவர், அடுத்தடுத்து இருக்கும் தன் இரண்டு மகன்களின் வீடுகளுக்கு நடுவில், வெளுத்த வேட்டியோடு நின்றுகொண்டிருப்பார். மருமகள்கள் ஆளுக்கொரு நாற்காலி போட்டு, ஆளுக்கொரு காபியும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் எதிலும் உட்காரமாட்டார்.

“ஏன் பெரியவரே, நின்னுக்கினே கீறீங்க?” என்று கேட்டேன்.

“இதுல குந்தினா அவ மொறைப்பா, அதுல குந்தினா இவ மொறைப்பா. காபி மட்டும் ரெண்டையும் குடிச்சிடுவேன் நைனா.”

ஒருமுறை ஒண்ணாந்தேதி ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால், முந்தின நாளே கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். மருமகள்களுக்கு அது தெரியாது. கழனி வேலைக்குப் போயிருந்தார்கள். நாற்காலி இல்லை, காபி இல்லை. பெரியவர் அழுக்கு வேட்டியோடு குழாயடியில் தனியாகக் குந்தியிருந்தார். ரேகை வைத்து, பணத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

“வூட்ல சொல்லாதே நைனா. நாளைக்கும் நாற்காலி போடட்டும்.”

மறுநாள் காலையில் அந்த வழியாகப் போக வேண்டியிருந்தது. வெளுத்த வேட்டியில், இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். என்னை யாரோ வழிப்போக்கனைப் போலப் பார்த்தார். நானும் வண்டியை நிறுத்தவில்லை.