வெள்ளைத் துணி விரித்த மேடை

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம். மலாக்கா காஜா பெராங்கில் சாலையோரத் திடல் ஒன்றில் கொண்டாட்டத்துக்காக மேடையும் அலங்கார வளைவும் கட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு விளக்குச் சரம் மாட்டும் வேலை. எங்களில் வளைவு கட்டுவதில் சூரர் ஒருவர் இருந்தார். கொஞ்சம் மூத்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் அண்ணன். செமாபோக்கில் வீடு, மனைவி, சின்னச் சின்னப் பெண் பிள்ளைகள்.

தென்னைமர உயரத்துக்கு எழுந்த அந்த மூங்கில் வளைவில் அவர்தான் ஏறி இறங்கினார். ஏறுவதற்கு முன்னால் இடுப்பில் கயிறு கட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கால் வைப்பார். அவரைப் போல ஜாக்கிரதையான ஆளை நான் பார்த்ததில்லை.

மேடை இடுப்பு உயரம்தான். முன் ஓரத்தில் தடுப்பாக ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்ட வேண்டும். ஆனால் எங்கள் வழக்கத்தில் அது கடைசி வேலை. முதலிலேயே கட்டிவிட்டால் துணியை இழுத்து ஆணி அடிக்க இடைஞ்சல். வெள்ளைத் துணியில் அழுக்குக் கால் படக் கூடாது என்பது இன்னொரு சட்டம். அதனால் பின்பக்கத்தில் ஆரம்பித்து, குனிந்தபடி, பின்னாலேயே நடந்துதான் விரிப்போம். விரித்த துணி கண்ணுக்கு முன்னால் இருக்கும். மேடையின் விளிம்பு முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

கொண்டாட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் வளைவு வேலை முடிந்தது. இறங்கி வந்த அண்ணன், சும்மா இருக்க மனமில்லாமல் துணியைப் பிடித்தார். நான் ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். சுருக்கத்தை நீவிக்கொண்டே பின்னால் வந்தார், வந்தார், அப்புறம் ஆளைக் காணோம். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அவருக்குச் சறுக்கவில்லை. கால் வைத்த இடத்தில் பலகை இல்லை, அவ்வளவுதான். கீழே கிடந்த மரக்கட்டையில் அவர் முதுகு மோதியது.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவ்வளவு உயரம் ஏறியவர் இதிலா விழுவார் என்ற சிரிப்பு.

"எந்திரிண்ணே, போதும்லா நடிச்சது," என்றான் ஒருவன்.

அவர் வானத்தைப் பார்த்தபடியே, "காலு இருக்காடா? ஒண்ணும் தெரியலடா," என்றார். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கப் போனார்கள். பக்கத்துக் கம்போங் குடியிருப்பிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த மலாக்காச் செட்டி ஒருவர் ஓடிவந்து தடுத்தார். அந்தச் செட்டிகள் பல தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறியவர்கள்; நம் சாமிதான், ஆனால் தமிழ் வராது. "ஜாங்கான் அங்காட்" என்று மலாயில் அதட்டினார். தூக்காதே என்று அர்த்தம். பிறகு தன் வீட்டுக் கதவையே கழற்றிக்கொண்டு வந்தார். அதில் படுக்க வைத்துத்தான் லோரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லத் தோன்றவில்லை எங்களுக்கு.

அண்ணன் பிழைத்தார். நடை மட்டும் திரும்பவில்லை. மறுநாள் கொண்டாட்டம் நன்றாக நடந்ததாகச் சொன்னார்கள்; நான் போகவில்லை.

ரொம்ப நாள் கழித்து செமாபோக்குக்குப் போயிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "மேடையிலேர்ந்து விழுந்தேன்னா எவ்ளோ உயரம்னு கேக்குறானுங்க. சொன்னா சிரிப்ப அடக்குறானுங்கடா. இப்பல்லாம் வளைவுலேர்ந்து விழுந்தேன்னே சொல்லிடுறது." சொல்லிவிட்டு அவரும் சிரித்தார்.

பிற்பாடு மேடை கட்டும் வேலையை நானே எடுத்து நடத்தினேன். என் மேடைகளில் தடுப்பு மூங்கில்தான் முதலில், துணி அப்புறம். ஆணி அடிக்க இடைஞ்சல்தான், நேரமும் ஆகும். இந்த உயரத்துக்குப் போய் இதெல்லாம் எதுக்குலா என்று ஆட்கள் சிரிப்பார்கள். கட்டிவிட்டுச் சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். விழுந்தால் ஊரே ஐயோ பாவம் என்கிற உயரத்தில் எல்லாரும் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறார்கள். விழுந்தால் சிரிப்பு வருகிற உயரத்தைப் பார்த்துத்தான் எனக்கு இன்றைக்கும் பயம்.