தண்ணீர் லாரி வரும் கிழமை

போன வருடம் ஜூன் மாதம். கீழ்க்கட்டளையில் எங்கள் வீட்டு மாடி போர்ஷனில், தாம்பரம் பக்கத்துக் கல்லூரியில் படிக்க ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மாணவர் ஒருவர் குடிவந்தார். வெளிநாட்டவருக்கு வீடு விட்டால் ஒரே நாளுக்குள் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் பதிய வேண்டும். "டென்ஷன் ஆகாதீங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்று துள்ளிக்கொண்டு நான் வாங்கிக்கொண்ட வேலை அது. இன்ஜினியரிங் முடித்த கை, பத்தே நிமிடத்தில் நிரப்பினேன். போட்டோ மட்டும் ஏறாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் பார்க்கலாம் என்று மூடினேன். அந்த 'அப்புறம்' பதினோரு மாதம் வரவேயில்லை.

அவர் விசாவை நீட்டிக்க விண்ணப்பித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இத்தனை மாதம் அவர் எங்கே இருந்தார் என்பதற்கு அரசாங்கத்திடம் ஒரு வரிகூட இல்லை. நீட்டிப்பு கிடைக்காவிட்டால் கடைசி செமஸ்டர் எழுதாமலே ஊர் திரும்ப வேண்டும்.

விசாரிக்க உயர் அதிகாரி ஒருவரே நேரில் வந்தார். நரைத்த தலை, காட்டன் புடவை. அவர் வாசலில் போன் பேசிக்கொண்டிருக்க, தண்ணீர் கொடுக்கப் போன என்னிடம் அவருடைய டிரைவர் கிசுகிசுத்தார்: "முப்பது வருஷ சர்வீஸ்ம்மா. ஏர்போர்ட் கவுன்டர்ல சீல் குத்திகினு இருந்தவங்க, இந்த எடத்துக்கு வந்துகீறாங்க. அவங்களாண்ட மட்டும் பொய் சொல்லிடாத, பேஜாராயிடும்."

உள்ளே அப்பா வேறு பாடம் சொன்னார். "பதியறதுக்கு அந்த ஸ்டூடன்ட் பாஸ்போர்ட் காப்பியே லேட்டாதான் குடுத்தாருன்னு சொல்லிடு. நம்ம மேல கேஸ் வரக் கூடாது." தலையாட்டினேன்.

அதிகாரி என்னைத் தனியாக உட்காரவைத்தார். முதல் கேள்வியிலேயே முழித்தேன். "உங்க தெருவுக்குத் தண்ணி லாரி என்னிக்கு வரும்?" சொன்னேன். எழுதிக்கொண்டார். "அவர் பாஸ்போர்ட் காப்பி எப்போ குடுத்தார்?"

"லேட்டா மேடம்." அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு அப்பாவையும் மாணவரையும் உள்ளே கூப்பிட்டு, மாணவரிடம் அதே லாரிக் கேள்வி. "செவ்வாய், வெள்ளி மேடம். வெள்ளி லேட். அங்கிள் லாரிக்காரரை ரொம்பத் திட்டு" என்றார் உடைந்த தமிழில். அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து அதிகாரியே சிரித்துவிட்டார். நான் சொன்ன அதே கிழமைகள். இந்த வீட்டில் குடியிருந்தவர்தான் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

அடுத்தது பாஸ்போர்ட் கேள்வி. மாணவர் ஒரு தரம் என்னைப் பார்த்தார். குடிவந்த அன்றே காப்பியை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் அவர். "ஞாபகம் இல்ல மேடம். அக்கா மேல தப்பு இல்ல."

என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. அந்த மெசேஜைத் தேடியெடுத்து, தேதி தெரிகிற மாதிரி அதிகாரியின் முன்னால் போனை வைத்தேன். "தப்பு என்னோடது மேடம். இப்ப சொன்னதும் பொய்." அப்பா கண்ணாலேயே என்னை எரித்தார்.

அதிகாரி திட்டவில்லை. நோட்டில் என் பதிலை அடித்துவிட்டுச் சொன்னார்: "கவுன்டர்ல இருந்தப்போ ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம்தான்மா. அந்த ஒரு நிமிஷத்துல எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன். அதுல எத்தனை பேர் உண்மை சொன்னாங்களோ! அதான் இப்பல்லாம் வீட்டுக்கே வந்து கேக்கறேன்."

பதியாதது வீட்டுக்காரரின் பிழை என்று அப்பாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனார். எங்களுக்கு எச்சரிக்கை நோட்டீஸ் வந்தது. மாணவருக்கு நீட்டிப்பு கிடைத்தது, பரீட்சையும் எழுதினார்.

எதையும் சட்டென்று முடித்துவிடுகிறவள் என்று வீட்டில் எனக்குப் பெயர். ஆனால் என்னைக் காப்பாற்ற ஒருவர் தன் படிப்பையே பணயம் வைத்த அந்த அரை நிமிடம் மட்டும் எனக்குள் இன்னும் முடியவில்லை.