எண்ணெய் தேய்த்த அன்று தூங்கலாமா?

நீங்களும் குற்றாலம் வந்திருப்பீர்கள். சாரல் பிடித்துவிட்டால் வேட்டி காயாது, தெரியுமல்லவா? அதனால்தான் போன வாரம் என் சகலை சங்கரலிங்கம் சாகக் கிடந்தார்.

சீசனுக்கு இரண்டு குடும்பமாக ஒரே வீடு பிடித்திருந்தோம். எண்ணெய், அருவி, அப்புறம் ஒரு பிடி சாப்பாடு. வேறென்ன வேலை? சகலை மட்டும் ஒரு வேலை செய்தார். அறைக்குள் கொடி கட்டி ஈர வேட்டிகளைப் போட்டு, கீழே கரியடுப்பை மூட்டி வைத்தார். சாரல் உள்ளே வரக்கூடாதே... கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தினார். கதகதப்பு சுகமாக இருந்திருக்கும். அப்படியே படுத்துவிட்டார்.

அவர் மனைவி காந்திமதி வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் யாரும் கண்ணயரக் கூடாது. ஜன்னி வருமாம். நான் கொட்டாவி விட்டுக்கொண்டே பேப்பர் படித்தது அவளுக்குப் பயந்துதான்.

"அத்தான், உள்ள அவிய தூங்குதாவளோ?" என்றாள்.

"விடும்மா, சீசனுக்கு வந்த மனுஷன்."

விடுவாளா? கதவைத் தட்டினாள். பதில் இல்லை. கோபத்தோடு தள்ளித் திறந்தாள் — நல்லவேளை, தாழ் போடவில்லை. "எந்திரிங்க" என்று உலுக்கினாள். தலை துவண்டு சாய்ந்தது.

"அத்தான்... இங்கன வாங்களேன்."

அந்தக் குரலைக் கேட்டு பேப்பரைப் போட்டுவிட்டு ஓடினேன். தூக்கி வந்து வாசலில் காற்றுப்படக் கிடத்தினோம். மூச்சு இருந்தது, நினைவு இல்லை. பக்கத்து வீட்டு மோட்டாரில் தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரப்பர் குழாய் வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள்.

"கரிநெருப்பில் வாசனையே இல்லாத விஷவாயு உண்டு. இன்னும் கொஞ்சம் தூங்கியிருந்தால் எழுந்திருக்கவே மாட்டார்" என்றார் டாக்டர். காந்திமதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னி வருமோ வராதோ, அவள் சட்டம் வாழ்க!

சாயங்காலம் சகலை கண் விழித்தார். தலை வெடிக்கிறது, குமட்டுகிறது என்றார். அடுத்த கேள்வி என்ன தெரியுமா?

"வேட்டி காஞ்சிட்டா?"

காந்திமதி அழுதுகொண்டே சிரித்தாள்.

இப்போது குற்றாலத்து வீட்டுக்கே திரும்பிவிட்டார். கொஞ்ச நாளைக்கு அருவி கிடையாது. ஜன்னல்கள் எல்லாம் திறந்தே கிடக்கின்றன. நான் இதை ஈர வேட்டியோடுதான் எழுதுகிறேன். பகலிலும் நன்றாகத் தூங்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அதைக் கேட்டதும் சகலை முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் பாவம், அவர் கண்ணை மூடியதும் காந்திமதி பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள்.

"ஏங்க... தூங்குதீயளா?"

"ஆமாட்டி."

கொஞ்ச நேரம்தான். மறுபடியும், "ஏங்க..."

நேற்று எனக்கே பொறுக்கவில்லை. "என்ன ஓய், இவ உம்மத் தூங்கவே விடமாட்டா போலிருக்கே" என்றேன்.

சகலை கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "எழுப்பட்டும் அண்ணாச்சி. எழுப்புதப்போ எந்திரிக்க முடியுதுல்லா, அது போதும்."