அந்த எஞ்சினை எடுத்துவிட்டு அனுப்புங்கள்

மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி வேலை பார்க்கும் கன்னியப்பனுக்கு வீட்டின் பின்னறையில் ஒரு ஸ்டுடியோ உண்டு. ஒரு மடிக்கணினி, ஒரு மைக், எதிரொலியைக் குடிக்கச் சுவரெங்கும் தொங்கவிட்ட காலி உப்புச் சாக்குகள். கற்றுக்கொடுத்தவர் எவருமில்லை.

சென்ற ஆண்டு மாசி மகத்துக்கு அவர் இசையமைத்து, மனைவி தையல்நாயகி பாடிய பாட்டு கடற்கரை ஒலிபெருக்கியில் கரகரத்தது. மைக் செட் விஜயகுமார் இரண்டு குமிழைத் திருகிவிட்டு, "பாட்டை வழங்குபவர் விஜயகுமார்" என்று தானே அறிவித்தும் கொண்டார். அன்றிலிருந்து பாட்டு சம்பந்தமான ஒவ்வொரு தாளும் எண்ணிடப்பட்டு ஒரு பச்சைக் கோப்பில் இருக்கிறது. இந்த ஆண்டுப் பாட்டை எவரும் குமிழைத் தொடத் தேவையில்லாதபடி புதுச்சேரி ஒலிப்பொறியாளர் அரவிந்தனிடம் கொடுத்து, ஒலியைக் கடைசியாகச் சீராக்கும் மாஸ்டரிங்கைச் செய்துவிடுவது என்று முடிவு. சனிக்கிழமை திருவிழா, வியாழனுக்குள் குரலும் இசையும் கலந்த இறுதி மிக்ஸ் அவர் கைக்குப் போயாக வேண்டும்.

அரவிந்தனின் முதல் கடிதம்: "ஒலி உச்சியை முட்டுகிறது. மேலே இடம் விடுங்கள்." இது கன்னியப்பனுக்கு உடனே விளங்கிற்று. பாத்தியில் வரப்பு விளிம்புவரை உப்புத்தண்ணீர் கட்டுவாரா யாராவது? ஒலியை உச்சியில் அழுத்திப் பிடிக்கும் லிமிட்டரைக் கழற்றி, உச்சியை ஆறு டெசிபல் இறக்கி அனுப்பினார். ஆவண எண் 14.

இரண்டாம் கடிதம்: "பின்னணியில் ஒரு எஞ்சின் ஓடுகிறது. அந்த எஞ்சினை எடுத்துவிட்டு அனுப்புங்கள்."

ஹெட்போனை மாட்டி மூன்று முறை கேட்டார். எஞ்சின் இல்லை. மனைவியிடம் மாட்டினார்.

"பாட்டுல எங்கய்யா எஞ்சின் வந்துச்சி? அந்தாளு காதுல ஓடுதோ என்னமோ!"

உப்பு வாரிக்கொண்டிருந்த அஞ்சம்மாளையும் வசந்தாவையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தார். அவர்களுக்கும் இல்லை. "மேற்படி பாட்டில் எஞ்சின் சத்தம் ஏதும் இல்லை" என்று எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கி அனுப்பிவைத்தார். ஆவண எண் 17.

அரவிந்தன் போனிலேயே வந்துவிட்டார். "அண்ணே, சாட்சியா கேட்டேன் நானு? இப்ப நீங்க பேசும்போதே பின்னால டுக்கு டுக்குன்னு ஓடுதே, அதாண்ணே!"

கன்னியப்பன் வாசலுக்கு வந்து பார்த்தார். நாற்பதடி தூரத்தில், பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சின் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் அதை எவரும் கேட்பதில்லை.

புதன்கிழமை நண்பகலில் ஒரு மணி நேரம் எஞ்சினை நிறுத்தும்படி அளத்துக்காரருக்கு விண்ணப்பம் எழுதி, நகலைக் கோப்பில் சேர்த்தார். எஞ்சின் நின்றது. தெருவே வெளியே ஓடி வந்தது.

"ஏம்பா, என்னா சத்தம் அது?"

உள்ளே தையல்நாயகி பாடத் தொடங்கினார். முதல் அடி ஓடியது; இரண்டாம் அடி நொண்டியது.

"தாளம் எங்கயோ பூடுச்சிய்யா."

மென்பொருளின் தாளக்கட்டையைத் தட்டவிட்டார்.

"இது பல்லி கத்துற மாதிரி இருக்குது. எஞ்சின நிறுத்திட்டா நான் எதப் புடிச்சிகினு பாடுறது?"

கன்னியப்பன் திகைத்தார். அப்படியானால் பாட்டுக்கு இத்தனை நாள் தாளம் போட்டது அதுதானா? மணியைப் பார்த்தார், இன்னும் இருபது நிமிடம். பழைய பதிவுகள் எதையும் அழிக்காதவர் என்பது இங்கேதான் உதவியது. பழைய பதிவொன்றில், பாட்டு தொடங்குமுன் வெறும் எஞ்சின் மட்டும் நான்கு நொடி இருந்தது. அதை வெட்டி, திரும்பத் திரும்ப ஓடும்படி ஒட்டி, மனைவியின் ஹெட்போனுக்கு மட்டும் விட்டார். தையல்நாயகியின் முகம் மலர்ந்தது. ஒரே மூச்சில் பாடி முடித்தார். மைக்குக்கு அவர் குரல் மட்டுமே போயிற்று. பாட்டின் தலையில், வெட்டினால் பாட்டே சிதையும்படி முதல் தாளத்தின்மேல், "இசை கன்னியப்பன், குரல் தையல்நாயகி" என்று தம் குரலையும் பதித்தார். எஞ்சின் தடத்தை ஊமையாக்கி, அது ஊமைதானா என்று நான்கு முறை பார்த்து அனுப்பினார்.

வியாழன் மாலை பதில் வந்தது: "சுத்தமாக இருக்கிறது. அக்கா எந்தத் தாளக்கருவிக்குப் பாடினார்கள்? இம்மிகூட விலகவில்லை. எனக்கும் ஒன்று வேண்டும்." ஆவண எண் 23.

சனிக்கிழமை கடற்கரையில் விஜயகுமாரின் கை குமிழுக்குப் போனது. திருக ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தது. இரண்டு பெயர்களும் அலைச்சத்தத்துக்கு மேலே தெளிவாகக் கேட்டன.

அஞ்சம்மாள் மட்டும் நெற்றியைச் சுருக்கினார். "பாட்டு நல்லாத்தான் இருக்குது மேஸ்திரி. ஆனா போன வருசம் இருந்த என்னமோ ஒண்ணு இதுல கொறையுது."

கன்னியப்பன் பச்சைக் கோப்பைத் திறந்து, பேனாவை நீட்டினார்.

"அத அப்படியே எழுதிக் குடும்மா."