மிளகாயின் வாயும் நாத்தனாரின் குப்பியும்

பஸ் டிப்போ பட்டறையில் கிழிந்த சீட்டுகளுக்கு உறை தைப்பவள் அவள். அங்கே எல்லோருக்கும் அவள் மிளகாய்தான். பெயர் சும்மா வந்துவிடவில்லை. பிளேடால் சீட்டைக் கிழித்த பயணியின் பரம்பரையையே இழுத்துத் திட்டியபடிதான் ரெக்சினை வெட்டுவாள். மேலதிகாரி மட்டமான நூல் வாங்கி வந்தால், அவர் கண்ணெதிரிலேயே பட்டென்று அறுத்துக் காட்டி, "இதுல உங்க வீட்டு சோபாவ தைச்சுத் தரட்டுமா சார்?" என்பாள். வீட்டிலும் அதே வாய்தான். புருஷனுக்கும் அவன் தங்கைக்கும் அந்த வாய் ஆகாது. அவள் சம்பளம் மட்டும் நன்றாக ஆகும்.

அப்படிப்பட்டவளை டைபாய்டு காய்ச்சல் புரட்டிப் போட்டது. ஊசியும் ஆன்டிபயாட்டிக்குமாகப் போட்டதில் காய்ச்சல் போனது, வயிறு கெட்டது. தின்றது எதுவும் தங்கவில்லை. கூடவே மனசும் எங்கோ போய் விழுந்துவிட்டது. தலை வாரக் கை எழவில்லை. மெஷின் முன்னால் உட்கார்ந்து ரெக்சினையே வெறித்துக்கொண்டிருந்தாள். மட்டமான நூல் வந்தபோதும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதில்தான் பட்டறை மேஸ்திரி பயந்துபோனார். வற்புறுத்தி அவளை மனநல மருத்துவரிடம் அனுப்பினார். மருத்துவர் தந்த மாத்திரையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியத் தொடங்கினாள்.

வீட்டில் யாரும் பயப்படவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவர்களுக்கு அது வசதியாக இருந்தது. "அண்ணி இப்பத்தான் ஒரு பொம்பள மாதிரி அடக்கமா இருக்காங்க" என்று நாத்தனார் வாய்விட்டே சொன்னாள். மனநல மருத்துவர் என்ற பேச்சு மட்டும்தான் அவர்களுக்குக் கசந்தது. அக்கம்பக்கத்தில் கேட்டால் என்ன சொல்வது?

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று அதற்கும் நாத்தனாரே வழி கொண்டுவந்தாள். ஆளைப் பிடித்து ஆளைச் சேர்த்து மருந்து விற்கும் கும்பலில் அவள் புதிதாகச் சேர்ந்திருந்தாள். நல்ல பாக்டீரியா அடைத்த கேப்ஸ்யூல்கள் ஒரு குப்பி நிறைய.

"அண்ணி, உங்க மனசுல ஒண்ணுமே இல்ல. எல்லாம் வயிறு. குடல்ல இருந்த நல்ல பாக்டீரியா செத்துப்போச்சு, அதான் அழுகை அழுகையா வருது. இதப் போடுங்க. அந்த மாத்திரையத் தூக்கி எறிங்க."

புருஷனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வயிற்றுக் கோளாறு என்றால் தெருவில் நின்றுகூடச் சொல்லலாமே! மாத்திரை அட்டையை அவனே எடுத்துக் குப்பையில் போட்டான். பாவிகள், எதிர்த்துப் பேசவேண்டிய வாயே நோயில் கிடக்கிற நேரம் பார்த்துச் செய்தார்கள்.

சில நாட்களிலேயே தலை சுற்றியது. ஒரு மத்தியானம் மெஷின் ஊசி அவள் விரலை ரெக்சினோடு சேர்த்துக் குத்தி நின்றது. அவள் கத்தவில்லை, கையை இழுக்கவும் இல்லை. மேஸ்திரி ஓடிவந்து சக்கரத்தைத் திருப்பி ஊசியைத் தூக்கினார்.

"ஏம்மா, வலிக்கலையா?"

"வலிக்குதுண்ணே. வலிக்கட்டும்னு விட்டுட்டேன்."

அன்றைக்கே மேஸ்திரி அவளை அதே மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு ஓடினார். அவள் பையிலிருந்த குப்பியை மருத்துவர் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இது முழுப் பொய்யும் இல்லம்மா. குடலும் மூளையும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்குது. அங்க இருக்கிற பாக்டீரியாவுக்கும் மனசுக்கும் தொடர்பு இருக்கலாம்னு ஆராய்ச்சி நடக்குது. சிலருக்குக் கொஞ்சம் உதவலாம். வேணும்னா சாப்பிடுங்க. ஆனா இத நம்பி மாத்திரைய நிறுத்தாதீங்க."

அவர் திரும்ப எழுதித் தந்த மாத்திரையை மெஷின் டிராயரில் ஒளித்துவைத்துப் பட்டறையில் விழுங்கினாள். கேப்ஸ்யூலை வீட்டில் விழுங்கினாள். வயிறு அடங்கியது, மனசும் மெல்ல எழுந்தது. எது எவ்வளவு செய்தது என்று அவளுக்குத் தெரியாது. ஒருநாள் கட்டிலில் கிடந்த ஈரத் துண்டைப் பார்த்ததும், "கட்டில் என்ன கொடிக்கயிறா?" என்று புருஷனை ஒரு பிடி பிடித்தாள். அவன் முகம் சுருங்கியது. நாத்தனாருக்கோ தலைகால் புரியவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். தன் கேப்ஸ்யூலின் மகிமை என்று ஊரெல்லாம் சொல்லி, கும்பலின் கூட்டத்தில் பேச அண்ணியையே கூப்பிட்டாள்.

"ரெண்டே வார்த்தை அண்ணி. இதுலதான் குணமாச்சுன்னு சொன்னாப் போதும்."

"ஒழுங்காப் பேசிட்டு வா" என்றான் புருஷன். சனியன் இதோடு தொலையட்டும் என்று அவளும் போனாள்.

வாடகை மண்டபம், பிளாஸ்டிக் நாற்காலிகள், கரகரக்கும் மைக். "இது சாப்பிட்டேன், வயிறு சரியாச்சு" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கப் பார்த்தாள். அப்போது முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்தாள். பக்கத்தில் அவள் மகள் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எம் பொண்ணும் மாத்திரை சாப்பிடுறா. அப்ப அத நிறுத்திடலாமாம்மா?"

நாத்தனார் மேடையிலிருந்தே தலையாட்டினாள். மிளகாய் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். தைத்துப்போன விரல் சுருக்கென்றது.

"நிறுத்தாதீங்க! நான் நிறுத்தி, ஊசி விரல்ல ஏறினப்பகூடக் கைய இழுக்காம உக்காந்திருந்தேன். இப்பவும் மாத்திரைதான் சாப்பிடுறேன். இவ பேச்சக் கேட்டா பொண்ணு உங்களுக்கு மிஞ்சாது. டாக்டரக் கேளுங்க."

மண்டபம் கலைந்தது. நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டு முன்னால் போனாள். வீட்டுக்கு வந்ததும் புருஷன் குதித்தான்.

"எந்தங்கச்சி மானத்த வாங்கிட்டியே! இதுக்கு நீ அப்படியே நோயாக் கிடந்திருக்கலாம். வீடாவது நிம்மதியா இருந்திருக்கும்."

அவளுக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது. ஆனால் இந்தமுறை வலிக்கட்டும் என்று அவள் விட்டுவிடவில்லை.

"நான் செத்துக்கிட்டிருந்தது உங்களுக்கு நிம்மதியா இருந்துச்சுன்னு இப்பவாவது சொன்னீங்களே. இனிமே என் சம்பளத்துல கைய வெச்சுப் பாருங்க, அப்பத் தெரியும் நிம்மதி."

பட்டறை டிராயரிலிருந்து கைப்பைக்கு வந்துவிட்டிருந்த மாத்திரை அட்டையை எடுத்தாள். பழைய அட்டை குப்பைக்குப் போன பிறகு அந்த வீட்டில் முதல்முறையாக, அவன் பார்க்கப் பார்க்க, ஒன்றைப் பிரித்து விழுங்கித் தண்ணீர் குடித்தாள்.