பெருக்கமரத்தடியில் எடுத்த படம்

வந்தவர்களுக்கு ஊரைக் காட்டும் கடமை ஒரு கிளாக்கரின் மனைவிக்கு எந்த இடத்தில் முடிகிறது? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

என் கணவருக்கு மன்னார்க் கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், வேலை. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து தலைமன்னாரில் இறங்கும் துரைமார் கொழும்புக்குப் போகுமுன் மன்னாரில் தங்கினால், ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு அவருடையது. பெண்களும் வந்தால் நானும் போகவேண்டும். கன்னியாஸ்திரிகளிடம் இங்கிலீஷ் படித்ததுதான் காரணம். "படிச்ச மருமகள் எண்டு எடுத்தம், துரைசானிமாருக்கு வழி காட்டத்தான் போலை" என்று மாமி ஒருநாள் குத்தலாகச் சொன்னார்.

முதலில் கோட்டை. அடுத்தது ஆதாம் ஏவாளின் கல்லறைகள் என்று சொல்லப்படும் அந்த நீண்ட கபுறுகள். கடைசியாகப் பள்ளிமுனைப் பெருக்கமரம். அந்த மரத்தை நாங்கள் சும்மா காட்டுவதில்லை. வந்தவர்களும் நாங்களும் கைகோத்து அடிமரத்தை அணைத்து நிற்போம். அப்போதுதான் அதன் பருமன் விளங்கும்.

அன்றைக்கு வந்தவர்கள் இரண்டு துரைசானிகளும், படப்பெட்டியோடு ஒரு துரையும். என் மகன் பால்குடிப் பிள்ளை என்பதால் அவனையும் தூக்கிப் போயிருந்தேன். கோட்டை மதிலில் ஏறும்போதே வெயிலில் அவன் முகம் சிவந்துவிட்டது. வீட்டுக்குப் போகட்டுமா என்று கணவரைக் கேட்டேன். மரத்தையும் காட்டிவிட்டுப் போகலாம் என்றார். நானும் வண்டியில் ஏறினேன்.

மரத்தடியில் கைகள் போதவில்லை. வண்டிக்காரரும் சேர்ந்தார், அப்படியும் பாதி மரத்தைக்கூட எட்டவில்லை.

"பிள்ளையைக் கீழ வையும். கொஞ்ச நேரந்தானே" என்றார் கணவர்.

நிழலில் துணி விரித்துக் கிடத்தினேன். துரைசானிகள் ஆளுக்கொரு பக்கமாக என் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். துரை படப்பெட்டிக்குள் குனிந்த நேரம், அங்கே மேய்ந்துகொண்டிருந்த கழுதைகளில் ஒன்று வந்து பிள்ளையை மோந்தது. பிறகு அவன் படுத்திருந்த துணியின் ஓரத்தைக் கடித்து இழுத்தது. நான் கத்தினேன். துரைசானிகள் சிரித்தார்கள். நல்ல படமாக வரும், யாரும் அசையவேண்டாம் என்றார் துரை. கணவரும் அதையே தமிழில் எனக்குச் சொன்னார்.

"அசையாதையும். படம் பழுதாப் போகும்."

கையை உதறிக்கொண்டு ஓடிப் பிள்ளையைத் தூக்கினேன். வீறிட்டு அழுதான். அந்தப் பெண்களின் பிடி அவ்வளவு இறுக்கம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர்கள்மேல் வந்த கோபம் அன்றே ஆறிவிட்டது. என் கணவர்மேல் வந்தது இன்னும் ஆறவில்லை.

வீடு திரும்பும் வழியில் அவர் சொன்னார்: "பிள்ளைக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே. கந்தோரிலை நான் என்னெண்டு முகம் குடுக்கிறது?"

"நடந்திருந்தா, படத்தை வைச்சு வளக்கிறதோ?" என்றேன்.

கழுதை கடித்தது துணியைத்தான், நான்தான் அளவுக்கு மிஞ்சிக் கோபப்பட்டேனோ என்று சில வேளை நினைக்கிறேன். நினைத்த உடனே அந்த "அசையாதையும்" காதில் விழுகிறது, உடம்பெல்லாம் எரிகிறது.

அடுத்த மாதம் வேறு விருந்தினர் வருகிறார்கள், பெண்களும் உண்டு. நான் வரவேண்டும் என்று கணவர் சொல்லிவிட்டார். பிள்ளையை மாமியிடம் விட்டால் பாலுக்கு அழுவான். கூட்டிப்போக எனக்கு மனமில்லை. மறுத்தால் அவருடைய உத்தியோகத்துக்கு இடைஞ்சல் வரலாம்.

இதை வாசிக்கும் தாய்மாரே, நீங்கள் என்றால் போவீர்களா? போகமாட்டேன் என்பதைக் கணவரிடம் எப்படிச் சொல்வீர்கள்? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.