மணி அடிக்காத அமல்ராஜ் அண்ணன்

கருமத்தம்பட்டியில் ஒரு கல்யாண வீட்டுத் தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அமல்ராஜ் அண்ணன் சம்சாரம் மேரி அண்ணி பேசினார். "தம்பி, உங்க அண்ணன் போயிட்டாருங்க." இடி இடிக்கும்போதே கோயில் கோபுரத்தில் நின்று ஒயர் இழுத்தவன் நான். மைக் செட் தொழிலில் கோவை ஜில்லாவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அன்றைக்கு அந்த மரத்திலிருந்து என்னைக் கல்யாணக்காரர்கள்தான் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள்.

அமல்ராஜ் அண்ணனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உள்ளூர் கேபிள் டிவியில் ஞாயிறுதோறும் 'மூணு பொட்டி' நடத்தியவர். கேள்விக்குப் பதில் சொன்னால் மூன்று பெட்டிகளில் ஒன்றைத் திறக்கலாம், உள்ளே இருப்பது உங்களுக்கு. அந்த நேரத்தில் வால்பாறை பஸ் கொண்டை ஊசி வளைவிலேயே நின்றுவிடும். டிரைவர் டீக்கடை டிவி முன்னால் இருப்பார். எங்கள் ஊரில் தறிச் சத்தம் மொத்தமாக அடங்கிவிடும். அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகிய குழந்தைகள் எல்லாம் விழித்துக்கொண்டு அழும். இதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது.

பதில் சொல்லும் நேரம் முடிந்தால் மணி அடிக்க வேண்டும் என்பது விதி. அண்ணன் மணியைக் கையில் வைத்திருப்பாரே தவிர, அடித்து நான் பார்த்ததில்லை. தாராபுரத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாவிடம், "உங்க ஊரைத் தொட்டுட்டு ஓடற ஆறு எதுங்க அம்மணி?" என்று கேட்டார். கேமராவைப் பார்த்த பயத்தில் அந்த அம்மா, "காவேரிங்க" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை.

"காவேரியும் நல்ல ஆறுதானுங்க. அது பவானிப் பக்கம் போகட்டும். நீங்க துணி தொவைக்கப் போறது எந்த ஆத்துக்குங்க?"

"அட, அமராவதிங்க!"

"அதைத்தானுங்க நானும் கேட்டேன்."

இந்தப் புகழ் சென்னைவரை போய், ஒரு பெரிய சேனல் அவரைக் கூப்பிட்டது. துணைக்கு நானும் போனேன். என் குரலைக் கேட்டதும் என்னையும் அங்கேயே இருக்கச் சொன்னார்கள். எனக்குத் தொழில் இருக்கிறது, ஆகாது என்று சொல்லிவிட்டேன். படப்பிடிப்பில் ஒரு பெரியவர் பதில் தெரியாமல் திணறினார். "பெல் அடிங்க சார், பெல்லு!" என்று அண்ணன் காதிலிருந்த கருவியில் இயக்குநர் கத்தியது தள்ளி நின்ற எனக்கே கேட்டது. அண்ணன் அந்தக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அவசரமில்லைங்க. தண்ணியக் குடிச்சுப்போட்டு மெதுவா யோசிங்க" என்றார். மறுநாளே எங்களை ரயில் ஏற்றிவிட்டார்கள்.

"ஏனுங்ணா, ஒருக்கா அடிச்சிருந்தா என்னங்ணா? இந்நேரம் காரு, பங்களான்னு ஆயிருக்குமில்ல?" என்று ரயிலில் கேட்டேன்.

"சோறு தின்னுட்டு இருக்கறவங்க முன்னால இருந்து எலையை உருவறாப்ல இருக்குது தம்பி. என்னால ஆகாது" என்றார்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத் தொண்டையில் நோய் வந்தது. ஆபரேஷனில் உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. அதன்பின் அவர் வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை. ஞாயிறு பூசைக்குக்கூட வரவில்லை. "சத்தமில்லாத ஆளை எதுக்குக் கூப்பிடப் போறாங்கன்னு சிலேட்டுல எழுதிக் காட்டறாருங்க தம்பி. சோறும் எறங்கறதில்லை. இப்படியே விட்டா நமக்கு இருக்க மாட்டாருங்க" என்று அண்ணி என் முன்னால் உடைந்து அழுதார்.

மாதா கோயில் திருவிழா வந்தது. ராத்திரி நடக்கும் கேள்வி-பதில் விளையாட்டுக்கு என்னுடைய மைக் செட்தான். அண்ணனை ஏறக்குறைய தூக்கிக்கொண்டு வந்து வேனில் ஏற்றினேன். "நீங்க உதட்டை மட்டும் அசைங்க, சத்தம் நான் தர்றேன். என்ற தொழிலே அதுதானுங்ணா" என்றேன்.

மேடையில் அவர் "வணக்கம்" என்று உதட்டை அசைத்தார். நான் வால்பாறைத் தேயிலையில் தொடங்கி தாராபுரத்து நெல்வரை ஒரு சுற்றுச் சுற்றி வணக்கம் சொன்னேன். அண்ணன் என் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினார். நான் மைக்கிலேயே "ஐயோ" என்றேன். கூட்டம் சிரித்தது. அண்ணனும் சிரித்தார், சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது.

பிறகு தறி ஓட்டும் பெண் ஒருத்தி மேடை ஏறினாள். கேள்வி லேசானதுதான். பயத்தில் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. "மணியை அடிங்கப்பா, அடுத்த ஆளு வரட்டும்!" என்று கீழே விசில் பறந்தது. நான் மைக்கைத் தூக்கினேன். அண்ணன் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். அவள் எதிரே போய் நின்று, "அவசரமில்லைங்க" என்று மெதுவாக உதட்டை அசைத்தார். அதற்கு நான் சத்தம் கொடுக்கவில்லை. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விசில் அடங்கியது. அப்புறம் அவள் பதிலைச் சொன்னாள். சரியாகச் சொன்னாளா என்பதுகூட இப்போது எனக்கு நினைவில்லை. கைதட்டலில் என் ஸ்பீக்கர் அதிர்ந்தது மட்டும் நினைவிருக்கிறது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் இன்னொரு கரண்டி சோறு கேட்டுத் தட்டை நீட்டினார் என்று அண்ணி சொன்னார்.

அன்றிலிருந்து அவர் படுக்கையில் விழும்வரை ஊர் ஊராகப் போனோம். அவர் உதடு, என் சத்தம். நான் பேசியதில் பாதி அவர் சொல்லாதது. அதற்கெல்லாம் கிள்ளுவார், அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்து சில நாளில் ஒரு பள்ளிக்கூட விழாவில் மைக் என் கைக்கு வந்தது. வழக்கம்போல, அண்ணன் நிற்கும் இடப்பக்கம் திரும்பினேன். அங்கே யாரும் இல்லை. பேச்சுக்குப் பஞ்சமே வந்திராத நான் அன்று "வணக்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கைக் கீழே வைத்தேன்.

அவர் எனக்கு விட்டுப்போனது இந்தத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் ஒன்றுதான். இப்போதும் எந்த மேடையிலும் முதலில் அந்தப் பக்கம் பார்க்கிறேன். அவர் இருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, அதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.